நெல்லையில் எழும்பி அகமதாபாதில் விழும் எலக்ட்ரான்கள்

1975 ஆகஸ்டில் இந்தியாவின் 2400 கிராமங்களுக்கு வானத்திலிருந்து தொலைக்காட்சி வந்து இறங்கியது. அதற்கென ஏடிஎஸ்-6 என்ற தன் செயற்கைக்கோளை நாசா கிழக்கே நகர்த்தி, 35 டிகிரி கிழக்கு நெடுங்கோட்டுக்கு மேல் நிறுத்தி, ஓராண்டுக்கு நமக்கு இரவல் கொடுத்திருந்தது. ஊர்ப் பொதுவிடத்தில் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து மக்கள் விவசாய நிகழ்ச்சி பார்த்த கதை பலருக்கும் தெரியும். அதே கோள் ஊட்டியில் சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதிலிருந்த பீக்கன் கருவி 40, 140, 360 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் ரேடியோ அலைகளை இடைவிடாமல் அனுப்பியது. ஊட்டி மலையில் வைத்த ரிசீவர் அவற்றைப் பிடித்து, நடுவிலுள்ள எலக்ட்ரான்களை 1975 அக்டோபரிலிருந்து 1976 ஜூலை வரை எண்ணிக்கொண்டே இருந்தது.

வானத்தில் எலக்ட்ரான்களை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லச் சிரமப்பட்டிருப்பார்கள். முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோளே 1978-ல்தான் ஏவப்பட்டது. இன்று அந்த எண்ணிக்கை இல்லாமல் செயற்கைக்கோளை நம்பி விமானத்தை ஓடுபாதைக்கு நேராக இறக்க முடியாது.

பூமிக்கு மேலே சுமார் 80 கிலோமீட்டரில் தொடங்கி ஆயிரம் கிலோமீட்டர் வரை பரவியிருக்கும் அயனி மண்டலம் சூரியன் உண்டாக்கும் சரக்கு. புற ஊதாக் கதிர் காற்றணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போடுகிறது. இரவானால் அவற்றில் பெரும்பகுதி மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. ரிசீவரிலிருந்து செயற்கைக்கோள் வரை ஒரு சதுர மீட்டர் அகலத்தில் ஒரு தூணை நிறுத்தி, அதற்குள் எத்தனை எலக்ட்ரான் என்று எண்ணினால் கிடைப்பதுதான் மொத்த எலக்ட்ரான் அளவு. ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து ‘டெக்’ என்பார்கள். நூறு கோடி கோடி எலக்ட்ரான்கள் சேர்ந்தால் ஒரு டெக் அலகு.

இந்த ஓர் அலகு, ஜிபிஎஸ்ஸின் எல்1 அலையில் (1575.42 மெகாஹெர்ட்ஸ்) 16 சென்டிமீட்டர் பிழையாக மாறுகிறது. கேட்பதற்குச் சின்னதுதான். ஆனால் சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில், இந்தியாவின் மேலே பிற்பகலில் நூறு அலகைத் தாண்டுவது சாதாரணம். அப்போது தலைக்கு நேர் மேலே இருக்கும் கோளின் தூரமே 16 மீட்டர் கூடுதலாகத் தெரியும். கோள் அடிவானத்தை நோக்கிச் சரியச் சரிய, கதிர் அந்த அடுக்கைச் சாய்வாகக் கடக்கும். 5 டிகிரி உயரத்தில் இருக்கும் கோளுக்குப் பிழை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும்.

2000 மே 2-ஆம் தேதி வரை இதைப் பற்றிச் சாமானியர் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அதுவரை அமெரிக்க ராணுவமே பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. அந்தக் கலப்படத்தை நிறுத்தியதும் மிஞ்சி நின்ற பிழைகளில் பெரியது அயனி மண்டலத்தினுடையதுதான்.

எண்ணுவதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. எலக்ட்ரான் கூட்டம் எல்லா அலைகளையும் ஒரே அளவுக்குத் தாமதப்படுத்துவதில்லை. அதிர்வெண் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கில் ஒன்றாகக் குறையும். சேற்று வயலில் இரண்டு பேர் ஒன்றாக இறங்குகிறார்கள், ஒருவர் கால் அதிகம் புதைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கரையில் அவர் எவ்வளவு பிந்தி ஏறினார் என்று பார்த்தாலே சேறு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒரே கோளிலிருந்து இரண்டு அதிர்வெண்களில் வரும் அலைகளை ஒப்பிட்டு ரிசீவர் செய்வது இதைத்தான். ஊட்டியில் நடந்ததும் இந்தக் கணக்கின் இன்னொரு வடிவமே. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அலைமேல் ஏற்றி அனுப்பும் குறியீடு எவ்வளவு பிந்துகிறதோ, அதைச் சுமக்கும் அலையின் கட்டம் அதே அளவுக்கு முந்துகிறது. சுமை பிந்த, சுமப்பவர் முந்துகிறார்!

ஆனால் மலிவான ரிசீவர்களுக்கு நெடுங்காலம் ஒரே அதிர்வெண்தான் வாய்த்தது. அவற்றுக்காக அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் ஜான் குளோபுசார் 1970-களில் ஒரு சூத்திரம் வகுத்தார். ஜிபிஎஸ் கோள்கள் இன்றைக்கும் அதன் எட்டு எண்களை ஒலிபரப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. இரவு முழுக்கத் தாமதம் 5 நானோ நொடி என்று மாறாமல் வைத்துக்கொள். பொழுது ஏறியதும் ஒரு கோசைன் மேடு எழும்பட்டும். உள்ளூர் நேரம் பிற்பகல் இரண்டுக்கு அது உச்சம் தொட்டு இறங்கட்டும். அவ்வளவுதான். கணினி நினைவகம் பொன்போல் இருந்த காலத்தில் இதைவிடச் சிக்கனமாக யோசிக்க முடியாது. பிழையில் ஏறக்குறைய பாதியைக் கழிப்பதே அதன் இலக்கு. அதை நிறைவேற்றவும் செய்தது. என் பார்வையில் பொறியியலின் அழகான சமரசங்களில் இது ஒன்று.

நடுக்கோட்டுப் பக்கம் வந்ததும் இந்தச் சமரசம் தடுமாறுகிறது. இதற்குச் சூத்திரத்தைக் குறை சொல்ல முடியாது. அதற்குச் சூரியன் தெரியும். பூமியின் காந்தப்புலத்தின் விளையாட்டு தெரியாது.

வெயில் கொளுத்தும் இடத்தில்தானே எலக்ட்ரான் அதிகம் இருக்க வேண்டும்? திருநெல்வேலியின் மேலே நிறையவும், வடக்கே போகப் போகக் குறையவும் வேண்டும் என்றுதான் தோன்றும். அளந்து பார்த்தால் நேர்மாறு. பிற்பகலில் நெல்லைக்கும் திருவனந்தபுரத்துக்கும் மேலே பள்ளம். அகமதாபாத், போபால், கொல்கத்தா பக்கம் மேடு. இந்த முரணை 1946-ல் எட்வர்ட் ஆப்பிள்டன் உலகளாவிய அளவீடுகளிலிருந்து எடுத்துக்காட்டினார். அதே ஆண்டு கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா, இதை ஆட்டுவிப்பது பூமியின் காந்தப்புலம் என்று விளக்க முயன்றார். மேல்நோக்கிய உந்தல்தான் அந்த விளக்கத்தில் விடுபட்டிருந்த கண்ணி என்று அடுத்த ஆண்டே டேவிட் மார்ட்டின் சேர்த்தார்.

காந்த ஊசியொன்றை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால், பூமியின் பெரும்பாலான இடங்களில் ஒரு முனை கீழ்நோக்கிச் சாயும். சாயாமல் தராசுக்கோல் மாதிரி படுத்து நிற்கும் இடங்களை இணைத்தால் வருவது காந்த நடுக்கோடு. அது பூகோள நடுக்கோட்டோடு ஒட்டாமல் வளைந்து போகிறது. நம் பகுதியில் வடக்கே ஏறி, இந்தியாவின் தென்முனையை ஒட்டி, இலங்கையைக் குறுக்கே கடந்து செல்கிறது. 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது அங்கே கடற்கரை அழகாக இருந்ததற்காக அல்ல; இந்தக் கோடு பக்கத்தில் ஓடியதற்காக.

இந்தக் கோட்டின் மேல் காந்தப்புலம் வடக்கு நோக்கிக் கிடைமட்டமாக ஓடுகிறது. பகலில் அங்கே மின்புலம் கிழக்கு நோக்கியிருக்கும். இரண்டும் செங்குத்தாகச் சந்திக்கும்போது எலக்ட்ரான்களும் அயனிகளும் மேல்நோக்கி உந்தப்படுகின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரம் ஏறியபின் வேகம் அடங்கி, காந்தக் கோடுகளின் வளைவைப் பிடித்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலுமாகச் சறுக்கி இறங்குகின்றன. காந்த நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஏறக்குறைய 15 டிகிரி தள்ளிக் குவிகின்றன. பூங்காவிலுள்ள நீரூற்றைப் பாருங்கள். தண்ணீர் பீறிடுவது நடுவில். தொட்டி நிறைவது சுற்றிலும். அயனி மண்டலக்காரர்கள் இதற்கு நீரூற்று விளைவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆக, மேப்பில் அகமதாபாத்காரர் எங்கே நிற்கிறார் என்பதில் நெல்லையின் வானத்துக்குப் பங்கு இருக்கிறது. இதைச் சும்மா நயத்துக்காகச் சொல்லவில்லை. நீரூற்றை இயக்கும் அதே கிழக்கு மின்புலம், காந்த நடுக்கோட்டின் மேல் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் எலக்ட்ரோஜெட் என்ற மின்னோட்டத்தையும் ஓட்டுகிறது. ஆறு மாதிரி குறுகிய பட்டையாக ஓடும் அந்த மின்னோட்டம் தரையிலுள்ள காந்தமானியை லேசாக அசைக்கும். நெல்லையை அடுத்து, சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. அங்கே பதிவாகும் அளவிலிருந்து மும்பை அருகே அலிபாகில் பதிவாகும் அளவைக் கழித்தால், எலக்ட்ரோஜெட்டின் பங்கு தனியாகத் தெரியும். (அலிபாக் நிலையம் அங்கே போனதற்கும் ஒரு கதை. பம்பாய் டிராம்கள் மின்சாரத்துக்கு மாறப்போகின்றன, காந்தக் கருவிகளை அவை குழப்பிவிடும் என்று பயந்து 1904-ல் கொலாபாவிலிருந்து கடலுக்கு அக்கரைக்குப் பெயர்த்தார்கள்.) முற்பகலில் எலக்ட்ரோஜெட் பலமாக ஓடினால், சில மணி நேரம் கழித்து வடக்கே மேடு உயரமாக எழும். சில நாட்களில் எலக்ட்ரோஜெட் திசை மாறி மேற்கே ஓடும். அன்று நீரூற்று சோர்ந்துவிடும். வானிலை அறிக்கை மாதிரி, தெற்கே ஒரு காந்த ஊசியைப் பார்த்து வடக்கின் எலக்ட்ரான் வரவைக் கணிக்கலாம்.

இப்போது கணிப்பவரின் சங்கடத்துக்கு வருவோம். நடைமுறையில் அயனி மண்டலத்தை 350 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய ஒற்றை ஓடாக நினைத்துக்கொள்கிறார்கள். கோளிலிருந்து வரும் கதிர் அந்த ஓட்டை எங்கே துளைக்கிறதோ, அங்கே எல்லா எலக்ட்ரானும் இருப்பதாகப் பாவித்து, சாய்வளவைச் செங்குத்து அளவாக மாற்றுகிறார்கள். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பெரும்பாலும் இது போதும். இங்கே அந்தத் துளை எங்கே விழுகிறது பாருங்கள். சென்னையில் ஒரு ரிசீவர் இருக்கிறது. வடமேற்கு வானில் 5 டிகிரி உயரத்தில் ஒரு கோள் தெரிகிறது. கோணக் கணக்கைப் போட்டால் கதிர் அந்த ஓட்டைத் துளைப்பது குஜராத்தின் கட்ச் பகுதிக்கு மேலே. அளப்பது சென்னை, அளக்கப்படுவது கட்ச். அந்தக் கதிர் வழியில் பள்ளத்தின் சரிவையும் மேட்டின் முகட்டையும் வெவ்வேறு உயரங்களில் கடந்து வருகிறது. அதே துளைப் புள்ளியை டெல்லியிலிருந்து பார்க்கும் இன்னொரு கதிர் வேறு கோணத்தில் கடக்கும். வேறு எண்ணைக் கொண்டுவரும். இரண்டுமே நேர்மையான அளவுகள். ஆனால் ஒற்றை ஓட்டின்மேல் ஒரே புள்ளிக்கு இரண்டு விடை! பிழை, ஓடு என்ற அந்தக் கற்பனையில் இருக்கிறது.

இன்னொரு தொல்லை கருவிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய் வாங்கத் தூக்குவாளி கொண்டு போனால் வாளியின் எடையைக் கழித்துத்தானே பார்ப்போம்? கோளின் மின்சுற்றும் ரிசீவரின் மின்சுற்றும் இரண்டு அதிர்வெண்களையும் சமமாக நடத்துவதில்லை. ஒன்றைச் சற்றுப் பிடித்துவைக்கும். ஜிபிஎஸ்ஸின் எல்1, எல்2 அலைகளுக்கிடையே ஒரே ஒரு நானோ நொடி வித்தியாசம் வந்தாலும் அது கிட்டத்தட்ட 2.85 டெக் அலகாக நடிக்கும். ரிசீவரின் இந்தச் சொந்தத் தாமதம் பல நானோ நொடிகள் இருக்கும், அறையின் வெப்பத்துக்கேற்ப ஊசலாடவும் செய்யும். அதைக் கழிக்காமல் போட்ட கணக்கில், நள்ளிரவில் எலக்ட்ரான் எண்ணிக்கை சுழியத்துக்கும் கீழே போவதை மாணவர்கள் முதல் முயற்சியிலேயே கண்டு திகைப்பார்கள். எதிர்மறை எண்ணிக்கையில் எலக்ட்ரான் என்று ஒன்று கிடையாது.

வாளியின் எடையைக் கண்டுபிடிக்க வழக்கமான உத்தி, அயனி மண்டலம் சமமாகப் பரவியிருக்கிறது என்று நம்பி, பல கோள்களின் அளவுகளும் ஒன்றோடொன்று ஒத்துவரும்படி தாமதத்தைச் சரிசெய்வது. நமக்கோ அந்த நம்பிக்கையே பொய்க்கிறது. மேட்டின் சரிவை மென்பொருள் வாளியின் எடை என்று எடுத்துக்கொள்ளும். வாளியின் எடையைச் சரிவு என்றும் எடுத்துக்கொள்ளும். எலக்ட்ரான் குறைந்து சரிவுகள் தணிந்திருக்கும் பின்னிரவு அளவுகளை நம்புவது ஓரளவு பாதுகாப்பு. இந்தியாவின் சொந்த வழிகாட்டி அமைப்பான நாவிக்கின் கோள்களில் சில, பூமியோடு சேர்ந்து சுற்றி வானில் அசையாமல் நிற்பவை. அவற்றின் கதிர் துளைக்கும் புள்ளியும் நகர்வதில்லை. அதனால் நேரத்தோடு வரும் மாற்றத்தையும் இடத்தோடு வரும் மாற்றத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஊட்டியில் ஏடிஎஸ்-6 தந்ததும் இந்த வசதிதான்.

நாவிக் இன்னொன்றும் செய்தது. எல்5 அலையோடு (1176.45 மெகாஹெர்ட்ஸ்) எஸ் அலையையும் (2492.028 மெகாஹெர்ட்ஸ்) வைத்தது. ஒரு டெக் அலகுக்கு எல்5-ல் 29 சென்டிமீட்டர் பிழை வந்தால் எஸ்-ல் ஆறரை சென்டிமீட்டர்தான். இரண்டுக்கும் இடைவெளி அகலமாக இருப்பதால் கழித்துப் பார்க்கும் கணக்கும் திடமாக வருகிறது.

விமானங்களுக்காக இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ககன் அமைப்பைக் கட்டியபோது இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஒரே மேசைக்கு வந்தன. நாடெங்கும் வைத்த 15 தரை நிலையங்கள் ஜிபிஎஸ் அலைகளைக் கேட்கின்றன. அவற்றிலிருந்து, 5 டிகிரிக்கு 5 டிகிரி கட்டங்களாக வானத்தைப் பிரித்து, ஒவ்வொரு கட்டப் புள்ளிக்கும் தாமதத்தைக் கணக்கிட்டு, ஜிசாட் கோள்கள் வழியே விமானங்களுக்கு அனுப்புகிறார்கள். திருத்தம் மட்டும் அனுப்பினால் போதாது. ‘இந்தத் திருத்தம் அதிகபட்சம் இவ்வளவு தவறலாம்’ என்ற எல்லையும் கூடவே போக வேண்டும். விமானிக்கு இரண்டாவது எண்தான் உயிர். எல்லையைத் தாராளமாக வைத்தால் அமைப்பு பாதுகாப்பாக இருக்கும், ஆனால் பயன்படாது. இறுக்கினால் பயன்படும், ஒரு நாள் கவிழ்க்கும்.

இதே வேலையைச் செய்யும் அமெரிக்காவின் வாஸ் அமைப்பு 2003 ஜூலையில் பணிக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் பெரும் சூரியப் புயல் அடித்தபோது அது செங்குத்து வழிகாட்டலைப் பல மணி நேரம் நிறுத்திவைக்க நேர்ந்தது. அவர்களுக்குப் புயல் நாட்களில் வரும் சரிவுகளைப் போன்றவை நமக்கு அமைதியான நாட்களிலேயே வரும். அதனால் அவர்களின் கணக்குமுறையை அப்படியே இங்கே இறக்க முடியவில்லை. இஸ்ரோ ஒற்றை ஓட்டை விட்டுவிட்டுப் பல அடுக்குகளாக எண்ணித் தரவுகளை ஒன்றுசேர்க்கும் தன் சொந்த மாதிரியை வகுத்தது. விமானத்திலுள்ள கருவி சர்வதேச விதிப்படி 350 கிலோமீட்டர் ஓட்டை மட்டுமே அறியும் என்பதால், பல அடுக்கில் கண்டதைக் கடைசியில் அந்த ஒன்றுக்குள் அடக்கித் தரவும் வேண்டியிருந்தது. 2013 டிசம்பரில் வழிச்செலுத்தலுக்கும், 2015 ஏப்ரலில் செங்குத்து வழிகாட்டலோடு தரையிறங்குவதற்கும் ககன் சான்று பெற்றது. காந்த நடுக்கோட்டு வானத்தின்கீழ் இதைச் சாதித்த முதல் அமைப்பு அது. 2022 ஏப்ரல் 28-ல் ராஜஸ்தானின் கிஷன்கட் விமான நிலையத்தில் ஓர் ஏடிஆர் விமானம் ககனின் வழிகாட்டலில் தரையிறங்கிப் பார்த்தது. இந்தச் சாதனைக்கு நம் பத்திரிகைகள் கொடுத்த இடம் குறைவு என்பது என் எண்ணம்.

பகல் கணக்கு ஒருவாறு பிடிபட்டாலும் முன்னிரவு இன்னும் அடங்கவில்லை. சூரியன் மறையும் வேளையில் மின்புலம் ஒருமுறை திடீரென வலுத்து அடுக்கு முழுவதையும் மேலே தூக்கும். கீழ்ப்பகுதி எலக்ட்ரான்கள் அதற்குள் கரைந்துவிடும். கனமானது மேலே, லேசானது கீழே என்றாகிவிட்டால் என்ன நடக்கும்? எண்ணெய்மேல் தண்ணீரை ஊற்றியது போல் கவிழ்ந்து, கீழிருந்து எலக்ட்ரான் வற்றிய குமிழிகள் பீறிட்டு எழும். பிளாஸ்மா குமிழிகள் என்பவை இவைதான். அவற்றைக் கடந்துவரும் அலை, காற்றில் நட்சத்திரம் மின்னுவது போல் மினுக்கி, சில நேரம் ரிசீவரின் பிடியிலிருந்தே நழுவிவிடும். அலையே கைவிட்டுப் போனால் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. நம் நெடுங்கோட்டில், சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளின் பங்குனியும் புரட்டாசியும் இதற்குப் பேர்போன பருவங்கள்; நேரம் இரவு எட்டிலிருந்து நள்ளிரவு வரை.

கைபேசியில் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவினால் உடனே குமிழியைப் பழிக்க வேண்டாம். நகரத்துக்குள் அது பெரும்பாலும் கட்டடச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகளின் வேலை. ஆனால் அதே கைபேசி இப்போது அளவுகோலாகவும் மாறியிருக்கிறது. 2018 முதல் எல்1, எல்5 இரண்டையும் பிடிக்கும் போன்கள் கடைக்கு வந்துவிட்டன. லட்சக்கணக்கான ஆண்ட்ராய்ட் போன்களின் அளவுகளைக் கோத்து அயனி மண்டலத்துக்கு வரைபடம் போட்டுக் காட்டி, கூகுள் ஆய்வாளர்கள் 2024-ல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை எழுதினார்கள். ஒவ்வொரு போனும் தனியாகப் பார்த்தால் மட்டமான கருவிதான். கூட்டமாகச் சேரும்போது ஒன்றின் உளறலை மற்றொன்று அடித்துவிடுகிறது. நிலையான ரிசீவர்கள் அதிகமில்லாத பகுதிகளுக்கு இது பெரிய வரவு.

இருந்தும் ஒரு பக்கம் மூளியாகவே இருக்கிறது. நீரூற்று வடக்கே விழுவது போலவே தெற்கேயும் விழுகிறது. வடக்கே விழும் பாதியை அளக்கக் கன்னியாகுமரியிலிருந்து இமயம் வரை நிலம் இருக்கிறது. தெற்கே விழும் பாதி, பூகோள நடுக்கோட்டையும் தாண்டி இந்தியப் பெருங்கடலின் மேல் விழுகிறது. அங்கே போனும் அரிது, ரிசீவர் நட மண்ணும் அரிது. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் தெற்கே, அந்த மேட்டுக்கு நேர் கீழே என்று சொல்லத்தக்க நிலம் டீகோ கார்சியா போன்ற சில பவளத் தீவுகள்தான். ஜிபிஎஸ்ஸின் தொடக்ககாலக் கண்காணிப்பு நிலையங்களில் ஒன்று டீகோ கார்சியாவில்தான் இருக்கிறது.